நெஞ்சில் குத்தாதீர்கள்

'தி ராக்' படத்தை டி.வி.யிலாவது பார்த்திருப்பீர்கள். மைக்கேல் பே 1996-ல் எடுத்தது. அல்கட்ராஸ் தீவு, விஷ ராக்கெட்டுகள், ஷான் கானரி. க்ளைமாக்ஸில் நிக்கோலஸ் கேஜ் இத்தனை நீள ஊசியைத் தன் நெஞ்சில் சரக்கென்று இறக்கிக்கொண்டு பிழைப்பார். அடுத்த நிமிஷம் எழுந்து ஓடுவார்.

ஊசியில் இருப்பது அட்ரோபின். பெல்லடோனா என்கிற செடியின் சரக்கு. நம் ஊர் ஊமத்தையிலும் உண்டு. இயக்குநர் மருந்தைச் சரியாகத்தான் பிடித்தார். மற்றதில்தான் கோட்டை விட்டார்.

நரம்பின் செய்தியைச் சுரப்பிகளுக்கும் தசைகளுக்கும் கொண்டுபோவது அசிட்டைல்கோலின். செய்தி சேர்ந்ததும் ஒரு என்ஸைம் வந்து அதைத் துடைத்துவிடும். படத்தில் வரும் வி.எக்ஸ். விஷம் அந்த என்ஸைமை முடக்குகிறது. செய்தி ஓயாது. கண்ணீர், எச்சில், நுரையீரலில் நீர். ஆசாமி தன் உடம்பில் ஊறும் நீரிலேயே மூழ்குகிறார். அசிட்டைல்கோலின் உட்காரும் நாற்காலியில் அட்ரோபின் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். நுரையீரல் காயும். ஆனால், மூச்சு வாங்கும் தசைகளில் இருக்கிற நாற்காலி வேறு டிசைன், அங்கே இதன் ஜம்பம் பலிக்காது. அதற்கு வென்டிலேட்டர்தான்.

இதயத்திலெல்லாம் யாரும் குத்துவதில்லை. ராணுவத்தினர் தொடையில், பேன்ட்டுக்கு மேலேயே குத்திக்கொள்கிறார்கள். ஒரு ஊசிக்கு 2 மில்லிகிராம். வி.எக்ஸ். பட்டால் முகம் உருகும் என்கிறது படம். 2017-ல் கோலாலம்பூர் விமான நிலையத்தில் கிம் ஜாங் நாம் முகத்தில் அதைத்தான் தடவினார்கள். முகம் உருகவில்லை, உயிர்தான் போனது.

'சினிமாதானே சார், விடுங்க' என்பீர்கள். விடலாம்தான். ஆனால், 2016-ல் வெளியான சில்காட் அறிக்கையில் ஒரு சங்கதி இருக்கிறது. இராக் போருக்கு முன், 2002-ல், அங்கே ரசாயன ஆயுதங்களைக் கண்ணாடிக் கலங்களில் வைத்திருப்பதாக பிரிட்டிஷ் உளவுத் துறைக்கு ஒரு தகவல் வந்தது. 'கண்ணாடியில் வைக்கிற வழக்கமே இல்லையே, 'தி ராக்' படத்தில்தான் இப்படித் தப்பாகக் காட்டினார்கள்' என்று அப்போதே சந்தேகம் எழுந்தது. தகவலை வாபஸ் வாங்கியது போர் தொடங்கிய பிறகு, 2003-ல்.

நமக்கு நெருக்கமான சேதாரம் வேறு. வி.எக்ஸ். பிறந்ததே பூச்சிமருந்து ஆராய்ச்சியில்தான். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் அதற்குப் பங்காளிகள். ஒரு கடன், ஒரு சண்டை, ஒரு நிமிஷக் கோபத்தில் அதைக் குடித்துவிட்டவர்களை நம் அரசு ஆஸ்பத்திரிகளில் காப்பாற்றுவதும் இதே அட்ரோபின்தான். ஆனால், ஒரே குத்தில் அல்ல. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை டோஸை இரட்டிப்பாக்கி, ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சின் களகளப்பு அடங்கும்வரை கொடுக்கிறார்கள். குறைந்தால் மூழ்குவார். கூடினால் ஜுரம் கொதிக்கும், சிறுநீர் அடைக்கும், இல்லாத ஆட்களோடு பேசுவார். நெஞ்சு தெளிந்த பிறகும் டிரிப் ஓடிக்கொண்டிருக்கும். மருந்தின் வேலை முடிந்த பிறகும் விஷம் உடம்பில் பாக்கி இருக்கும். அதனால்தான் ராத்திரி முழுக்க ஒரு டியூட்டி டாக்டரும் நர்ஸும் நாடி பிடித்து நிற்கிறார்கள்.

இந்த ராத்திரியில் இல்லாத சஸ்பென்ஸா? மைக்கேல் பே தவறவிட்ட நல்ல படம் இதுதான்.

அவர் எடுத்த படம் கற்றுக்கொடுப்பதோ, ஊசி போட்டால் எழுந்து ஓடலாம் என்று. 'அதான் ஊசி போட்டாச்சே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?' என்று வராந்தாவில் கேட்கிற உறவினர் அல்கட்ராஸைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால், அதே கதையைத்தான் நம்புகிறார். அவரிடம் சொல்லுங்கள்: டாக்டர் போகச் சொல்லும்வரை நகரக் கூடாது. அதே மருந்துதானே என்று ஊமத்தையை அரைத்துக் கொடுக்கவும் கூடாது. அளவு தெரியாத அட்ரோபின் இரண்டாவது விஷம்.

படத்தைத் தாராளமாக இன்னொரு தடவை பாருங்கள். ஷான் கானரிக்காக.