மோனிக்காவின் பொறுமையும் நம் மறையுரையும்

ஆகஸ்ட் 27 புனித மோனிக்காவின் திருநாள். அன்று அன்னையர் கூடும் ஆலயங்களில் அவரது பொறுமையே நம் மறையுரையின் பொருள். முன்கோபியான கணவர் பத்ரீசியுவைப் பொறுத்தே மனந்திருப்பினார். நீங்களும் பொறுங்கள் என்போம். செய்யாற்றில் நெசவாளர் குடும்பத்துத் தாய் ஒருவர் வீங்கிய முகத்தோடு பங்கு இல்லம் வந்தபோதும் நாம் இதையே சொல்லி அனுப்பினோம். அவர் மறுபேச்சின்றிச் சென்றார். அம்மௌனத்தைப் பக்தி என்று எண்ணினோம்.

புனித அகுஸ்தீனார் கி.பி. 400-ஐ ஒட்டித் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் ஒன்பதாம் பகுதியைப் பின்னர் மீண்டும் படித்தோம். பத்ரீசியு மனைவியை அடித்ததாக எவரும் கேள்விப்பட்டதில்லை என்கிறார் மகன். முகத்தில் அடியின் தடம் தாங்கியவர்கள் மோனிக்காவின் தோழியர். திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்டபோதே நாம் பணிப்பெண்களானோம், தலைவரை எதிர்க்கலாகாது என்பதே அவர்களுக்கு மோனிக்கா கூறிய அறிவுரை. ஆக, அடிபட்டும் பொறுத்தவராக நாம் காட்டிய மோனிக்கா அந்நூலில் இல்லை. அடிபட்ட பெண்கள் உண்டு, அவர்களுக்குப் பெயரில்லை. அடித்தவர்களைக் கண்டிக்கும் சொல்லும் அவ்விடத்தில் இல்லை. அகுஸ்தீனார் தம் காலத்து வழக்கத்தைப் பதிவுசெய்தார். அதை நற்செய்தியாக்கியது நம் பிழை.

அவர் காலத்தவரான புனித யோவான் கிறிசோஸ்தோம், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தைப் பற்றிய மறையுரையில், மனைவியை அடிப்பது கணவனுக்கே பேரிழிவு என்று கடிந்தார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் சட்டம், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ பேரிடர் விளைவிப்பவரைப் பிரிந்து வாழ இடமளிக்கிறது. தாமதம் ஆபத்தாயின் ஆயரின் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை; திருமணப் பிணைப்பும் அதனால் அறுவதில்லை. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ், 'அன்பின் மகிழ்வு' மடலின் 241-ஆம் பத்தியில், பிரிவு சில வேளைகளில் அறநெறிக் கடமையும் ஆகலாம் என்றார். நாட்டின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ, மனைவி வீட்டை விட்டு வெளியேறாமலே பாதுகாப்பு ஆணை பெற வழிசெய்கிறது. இவற்றுள் எதனை நாம் பீடத்திலிருந்து கூறியிருக்கிறோம்?

மோனிக்காவின் புனிதத்தை நாம் குறைத்துரைக்கவில்லை. மகனுக்காக அவர் சிந்திய கண்ணீர் திருச்சபையின் செல்வம். அக்கண்ணீரைக் காட்டி, அடிபடும் பெண்ணின் கண்ணீரை அடக்குவது அநீதி. அடுத்த ஆகஸ்டில் நம் மறையுரை கணவர்களை நோக்கித் தொடங்கட்டும். அந்தத் தாய் மீண்டும் வந்தால் 1153-ஆம் சட்டத்தை வாசித்துக் காட்டக் காத்திருக்கிறோம். அவர் பிறகு வரவில்லை.