பரிசிற் போட்டியும் பொருட்டுணிபும்

வாதம் என்பது மெய்ப்பொருளைத் துணிதற்பொருட்டு நிகழ்வது. கௌதம முனிவர் தம் நியாய நூலுள் வாதம், ஜல்பம், விதண்டை என்னும் மூன்றனையும் வெவ்வேறு பதார்த்தங்களாக வைத்து ஓதினார். உண்மை காண்டல் ஒன்றே கருதி ஆசிரியனும் மாணாக்கனும் போல்வார் உரையாடுவது வாதம். வெற்றி கருதித் தன் கோளை நிறுவுவது ஜல்பம். தனக்கொரு கோளின்றிப் பிறன் கோளை மறுத்தொழிவது விதண்டை. தத்துவ வினாவொன்றைப் பொதுமக்கள் முன் வைத்து, கட்டுரை வரைவித்துப் பரிசில் நல்கும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாக் கண்டத்துக் கழகங்களிற் சிறந்து விளங்கிற்று. அது இம்மூன்றனுள் எதன்பாற்படும் என ஆராய்தல், இந்நாளில் அத்தகைய போட்டிகளை நடாத்துவார்க்கும் பயன் தருவதாம்.

அக்கழகங்கள் கைக்கொண்ட முறையில் இருவகை நலம் காணப்படும். ஒன்று, குலமும் பட்டமும் பதவியும் வினவாது, கழக உறுப்பினர் ஒழிந்த எவரும் எழுதலாமென வாயில் திறந்து வைத்தமை. மற்றொன்று, எழுதினார் பெயரை மறைத்தமை. கட்டுரையின் தலைப்பில் ஒரு முதுமொழி பொறிக்கப்படும். அம்முதுமொழியையே புறத்தெழுதி, அகத்தே பெயரை அடக்கி முத்திரையிட்ட உறையொன்று உடன் விடுக்கப்படும். பரிசில் பெற்ற கட்டுரையின் உறையே பிரிக்கப்படும். ஆகலின், நடுவர் ஆளை நோக்காது சொல்லையே நோக்குதற்கு இடனாயிற்று.

இந்நலத்தின் பயனுக்கு ஒரு சான்று காட்டுதும். மெய்ப்பொருளியல் உண்மைகள் கணித உண்மைகள்போல் ஐயமறத் துணியப்படுமோ எனப் பெர்லின் கழகம் வினாய போட்டியில், 1763-ஆம் ஆண்டு முதற்பரிசில் பெற்றவர் மோசே மெண்டல்சோன் என்னும் யூதர். வேதச்சுருள் எழுதி வாழ்ந்த வறியர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்து, பட்டுத் தொழிற்சாலையிற் கணக்கராய்ப் புகுந்து வாழ்ந்தவர் அவர். அவர்க்கு அடுத்த நிலையில் மதிக்கப்பட்ட கட்டுரையோ, பின்னாளில் ஐரோப்பியத் தத்துவ நூலோருள் தலையாயவராகக் கொண்டாடப்பட்ட காண்ட் என்பாருடையது. எனினும், பெயர் மறைந்துழிக் கிட்டிய சமநிலை பெயர் வெளிப்பட்டுழிக் கிட்டிற்றிலது. 1771-ஆம் ஆண்டு அக்கழகம் மெண்டல்சோனை உறுப்பினராகத் தேர்ந்தும், இரண்டாம் பிரடெரிக் மன்னன் அதற்கு இசைந்திலன். முத்திரையிட்ட உறை செய்த நீதியை முடியுடை வேந்தன் செய்திலன்.

வாயில் திறந்த அளவானே வாதம் நிகழ்ந்ததெனல் அமையுமோ எனின், அமையாது. அறிவு நூல்களும் கலைகளும் மீளத் தழைத்தமை மக்கள் ஒழுக்கத்தைத் தூய்மை செய்ததோ எனப் பிரெஞ்சு தேசத்து டிஜோன் நகரக் கழகம் 1749-ஆம் ஆண்டு வினாவிற்று. கடிகாரத் தொழிலாளியின் மகனும் பள்ளிக் கல்வி நிரம்பாதவருமாகிய ரூசோ, தூய்மை செய்யாது கெடுத்தது என விடையெழுதி 1750-இற் பரிசில் கொண்டார். அக்கட்டுரையிற் சொல்லின் வெம்மை மிகுதி. ஏதுவின் வலி குறைவு. தம் எழுத்துக்களுள் தருக்க நெறி மிகக் குறைந்தது இதுவே என அவர்தாமே பின்னர்த் தம் வரலாற்றுள் எழுதிவைத்தார். அக்குறையைச் சுட்டி விடை பெறுதற்குப் போட்டியின் அமைப்பில் இடனில்லை.

வாதம் தொடங்கியது பரிசில் கொடுத்த பின்னரே. முன்னாள் போலந்து மன்னரும் அந்நாள் லொரேன் நாட்டுக் கோமகனுமாகிய ஸ்தனிஸ்லாஸ் 1751-இல் மறுப்பெழுத, ரூசோ அதற்கு மறுமொழி வரைந்தார். நூல்நிலையங்களை எரித்தொழித்தல் வேண்டுமென்பது தம் துணிபன்றென அவர் அதனுள் வரையறுத்துக் கூறினார். எதிர்நின்று வினாவுவார் உளராயவழியே கொள்கை தன் எல்லையைப் பெற்றது என்பது ஈண்டு அறியற்பாலது.

இனி, அங்ஙனம் எதிர்நிற்பாரின்றி முடிந்த போட்டி எவ்வாறாயிற்று என்பதைப் பெர்லின் கழகத்தின் மற்றொரு செயலாற் காண்க. புதிய பிழைகளிற் புகுத்தியேனும், உள்ள பிழைகளில் நிறுத்தியேனும் மக்களை ஏமாற்றுதல் அம்மக்கட்கு நன்மையாமோ என்பது பிரடெரிக் மன்னன் ஏவலால் விடுக்கப்பட்ட வினா. 1780-ஆம் ஆண்டு கழகத்தார் பரிசிலை இரண்டாகப் பகுத்து, ஆம் என்ற கஸ்திலோனுக்கு ஒரு பாதியும், அன்று என்ற பெக்கருக்கு ஒரு பாதியும் ஈந்தனர். அவ்விருவரும் ஒருவர்க்கொருவர் விடை கூறுமாறு செய்யப்பட்டிலர். மக்களைப் பற்றிய வினா மக்கள் முன் எழுப்பப்பட்டு, விடையின்றியே மீண்டது.

கழகம் அளந்தது எழுத்தின் திறனையேயன்றிப் பொருளின் உண்மையையன்று. ஆகலின் இருவர்க்கும் ஈதல் குற்றமாகாது எனின், அற்றன்று. திறன் ஒன்றே அளக்கப்படுமாயின் அது ஜல்பத்துக்குரிய அளவையாம். மெய் யாது என வினாவிவிட்டு, சொல்வன்மை யார்க்கு எனத் தீர்ப்புரைத்தல் வினாவும் விடையும் வேறுபடுதலென்னும் குற்றமாம்.

காரணம் காட்டித் தீர்ப்புரைத்தல் வேண்டுமென்பதும், அக்காரணம் பொருளைப் பற்றியதாதல் வேண்டுமென்பதும் டென்மார்க்கு நாட்டு அரச கழகத்தின் செயலால் விளங்கும். அறத்திற்கு அடிப்படை யாது என்னும் வினாவுக்கு விடை விடுத்தவர் ஷோப்பனவர் ஒருவரே. 1840-ஆம் ஆண்டு கழகம் அவர்க்குப் பரிசில் மறுத்தது. வினாவைப் பிறழக் கொண்டார் என்பதும், ஏதுக்கள் போதா என்பதும் பொருள்பற்றிய காரணங்கள், அவை ஆராயத்தக்கன. புகழ்மிக்க தத்துவ நூலோரை மதிப்பின்றிக் கூறினார் என்பதையும் உடன்சேர்த்தமையோ, நடுவர் பொருளினின்றும் வழுவி ஆளை நோக்கியதாம்.

சைவ நூலோர் கண்ட நெறி வேறு. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரை அருளியவழி, பரபக்கத்தில் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பிறர் கோள்களை முதற்கண் அவ்வவர் கூற்றாகவே நிறுவி, அதன்பின் மறுத்து, சுபக்கத்தில் தம் சித்தாந்தத்தை நிறுவினார். பிறர் கோளை அவரே உடன்படுமாறு எடுத்துக் கூறவல்லார்க்கன்றி அதனை மறுத்தற்கு உரிமையில்லை என்பது இம்முறையாற் பெறப்படும்.

ஆகலின், பொதுமக்கட்குத் தத்துவப் போட்டி வகுப்போர், திறந்த வாயிலையும் மறைந்த பெயரையும் ஐரோப்பியர்பாற் கொள்க. அவற்றோடு, எதிர்க்கோளை முழுதுங் கூறாத கட்டுரையைத் தள்ளுக. தேர்ந்த கட்டுரையாளரை அவையில் எதிரெதிர் நிறுத்தி வினாவவும் விடுக்கவும் செய்க. நடுவர் துணிபினைக் காரணத்தோடு எழுதி வெளியிடுக. அங்ஙனஞ் செய்தவழித் தோற்றவனும் தன் ஐயம் எங்கே அற்றதென அறிந்து செல்வான். பரிசில் ஒருவர்க்கே உரித்து. ஐயம் நீங்குதலாகிய பயனோ அவையோர் அனைவர்க்கும் உரித்து என்க.

சிவம்.