திரும்பி வந்த கோப்புகள்

குடிசையில் பிறந்தார், மாளிகையில் அமர்ந்தார்! கே. ஆர். நாராயணனைப் பற்றி எழுதப் புகுவோர் இந்த ஒற்றை வரியோடு பேனாவை மூடிவிடுகின்றனர். உழவூர் வயல் வரப்புகளில் பல கல் நடந்து பள்ளி சென்ற தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் 1997இல் குடியரசுத் தலைவரானான், இனிச் சாதி எங்கே என்று நம்மையே கேட்கின்றனர். எங்கே இருந்தது என்பதைத் திருவிதாங்கூர் சொல்லும். 1943இல் ஆங்கில இலக்கியத்தில் பல்கலைக்கழகத்திலேயே முதல்வராகத் தேறியவருக்கு அங்கே விரிவுரையாளர் பதவி மறுக்கப்பட்டது. இலண்டனில் லாஸ்கியிடம் பயின்றது, தூதராகப் பணியாற்றியது, ஒற்றப்பாலம் மக்கள் மும்முறை தேர்ந்தெடுத்தது எல்லாம் ஏடுகளில் உள்ளன. நாம் அவற்றை விரிக்கப் போவதில்லை.

ஏறிய கதை போதும். ஏறிய பின் செய்தது என்ன? அதுதான் நம் வினா.

அந்த நாற்காலியின் வரலாறு தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1976 ஜனவரி 31இல் கலைஞர் ஆட்சியைக் கலைத்த ஆணையில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். 1991 ஜனவரி 30இல் அதே கதை மீண்டும் நடந்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். 356ஆம் பிரிவில் ‘வேறு வகையிலும்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது போதுமானதாயிற்று. கையெழுத்திட்டவர் தஞ்சைத் தரணித் தமிழர் ஆர். வெங்கட்ராமன். தமிழர் என்பதால் தமிழகத்து ஆட்சி தப்பியதா?

1997 அக்டோபரில் அதே பிரிவின் கீழ் ஒரு கோப்பு நாராயணன் மேசைக்கு வந்தது. ஒலிவாங்கிகள் ஆயுதங்களாகப் பறந்த உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தில் கல்யாண் சிங் நம்பிக்கை வாக்குப் பெற்றிருந்தார். குஜ்ரால் அமைச்சரவை அவர் ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைத்தது. நாராயணன் மறுஆய்வுக்குத் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை பின்வாங்கியது. அந்த அமைச்சரவையில் தி. மு. கழகமும் பங்கு பெற்றிருந்தது. இருமுறை வெட்டுண்ட கழுத்து அடுத்தவனுக்கு ஓங்கிய வாளின் பக்கத்தில் நின்றது! இதை மறைத்து எழுதினால் நாம் பகுத்தறிவு பேசுவதில் பொருளில்லை.

1998 செப்டம்பரில் வாஜ்பாய் அமைச்சரவை பீகாரின் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்கச் சொன்னது. அந்தக் கோப்பும் திரும்பியது. முதலில் தப்பியது பாரதிய ஜனதா ஆட்சி, அடுத்துத் தப்பியது அதன் எதிரியின் ஆட்சி. ஆள் பார்த்தோ, கொடி பார்த்தோ அவர் அளக்கவில்லை என்பதற்கு வேறு சான்று எதற்கு?

குறை இல்லையா? உண்டு. 1999 பிப்ரவரியில், பீகாரில் தாழ்த்தப்பட்டோர் படுகொலை செய்யப்பட்டதைக் காரணங்காட்டி மீண்டும் பரிந்துரை வந்தபோது கையெழுத்திட்டார். மாநிலங்களவையில் ஆதரவு இல்லாமையால் அடுத்த மாதமே டில்லி அதைத் திரும்பப் பெற்றது. ராப்ரி தேவி மீண்டும் முதல்வரானார், மாண்டவர் மீளவில்லை. அவர் ஏன் இசைந்தார் என்பது நமக்குப் புரிகிறது, ஆனாலும் ஒப்ப மனம் வரவில்லை. அவரை வானளாவப் புகழ்வோர் இந்த ஏட்டை மட்டும் புரட்டாமல் விடுவது ஏன்?

நாற்காலியின் எல்லை முழுமையாகத் தெரிந்தது 2002இல், குஜராத்தில். கோப்பைத் திருப்பலாம், கொலையைத் தடுக்கப் படையை ஏவும் அதிகாரம் அமைச்சரவையின் கையில். பிரதமருக்குக் கடிதங்கள் எழுதினார். சுடும் அதிகாரத்தோடு இராணுவத்தை அனுப்புமாறு கேட்டதாகப் பின்னர் அவரே கூறினார். அவ்வாண்டு ஜூலையில் பதவிக்காலம் முடிந்தது. 2005 நவம்பர் 9இல் மறைந்தார்.

அந்தக் கடிதங்களைப் படிக்க வேண்டுமென்று மக்கள் தரப்பில் கேட்டனர். 2006இல் மத்தியத் தகவல் ஆணையம் அவற்றைத் தன்முன் வைக்கும்படி சொன்னது. 2012இல் டில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளுபடி செய்தது.