மருத்துவக் கலைச்சொற்களின் ஒலிப்பு: சில விமரிசனக் குறிப்புகள்

பிறமொழி வழிவந்த மருத்துவச் சொற்களைத் தமிழில் எவ்வாறு ஒலிப்பது என்னும் வினா, நம்மிடையே பெரும்பாலும் கிரந்த எழுத்தை ஏற்பதா விலக்குவதா என்ற வாதமாகவே சுருங்கிவிடுகின்றது. மூலமொழி ஒலியைப் பேணுவதே சரியான ஒலிப்பு என்பர் ஒரு சாரார். வடசொற்களுக்குத் தொல்காப்பியர் வகுத்த விதியை எல்லாப் பிறமொழிச் சொற்களுக்கும் விரித்து, தமிழெழுத்துக்கு அடங்குவதே சரி என்பர் மறு சாரார். மூலமொழி ஒலி என நாம் கொள்வது யாருடைய ஒலி என்பதை இரு சாராருமே கேட்பதில்லை.

1912 இல் கசிமிர் ஃபங்க் ஆக்கிய சொல்லை நாம் 'விற்றமின்' என்கிறோம். தமிழகத்தார் 'வைட்டமின்' என்கின்றனர். முதலசையில் நமது வடிவம் பிரித்தானியர் ஒலிப்போடும், அவர்களது வடிவம் அமெரிக்கர் ஒலிப்போடும் ஒத்துள்ளன. உயிர் எனப் பொருள்படும் இலத்தீன் மூலத்திலோ அவ்விடத்தில் நிற்பது நெடில் ஈகாரம். எனவே மூலத்துக்கு உண்மையாயிருப்பவர் இரு கரையிலும் இல்லை.

1905 இல் ஸ்ராலிங் கிரேக்கத்திலிருந்து எடுத்தாண்ட சொல் நமது பாடநூல்களில் 'ஓமோன்' ஆயிற்று. ஹகரம் போனதே என வருந்துவோர் உளர். இத்தாலியரும் ஹகரமின்றியே அச்சொல்லை எழுதுகின்றனர், ஒலிக்கின்றனர். அதனால் அவர்களது மருத்துவம் எவ்வகையிலும் குன்றிவிடவில்லை. நாம் கவனிக்க வேண்டியது அச்சொல்லில் மறைந்துபோன மற்றோர் ஒலியையே. தமிழகத்தாரின் 'ஹார்மோன்', 'கார்பன்' என்பவற்றில் ரகரமெய் உண்டு. நமது 'ஓமோன்', 'காபன்' என்பவற்றில் அது இல்லை. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் உள்ள ரகரம் தென் இங்கிலாந்தின் கற்றோர் பேச்சில் மெய்க்கு முன்னும் சொல்லிறுதியிலும் ஒலிப்பதில்லை. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நாம் கேட்டுப் பழகிய ஓர் உச்சரிப்பே நமது எழுத்தினுள்ளும் புகுந்திருக்கின்றது.

இது வெறும் எழுத்துப் பிரச்சினை அன்று. மிகுதியையும் குறைவையும் சுட்டும் இரு கிரேக்க முன்னொட்டுகளை 'ஐப்பர்', 'ஐப்போ' என எழுதலாம். 'காபன்' பெற்ற அதே விதியை முன்னதற்கும் பொருத்தினால் அது 'ஐப்பா' ஆகும். குருதியில் வெல்லம் மிகுந்த நிலைக்கும் குறைந்த நிலைக்குமிடையே எஞ்சுவது ஓர் ஈற்றுயிர் மட்டுமே! இன்சுலின் கொடுக்க வேண்டியது ஒரு நிலையில். உடனே இனிப்புக் கொடுக்க வேண்டியது மற்றதில். இங்கு ஒலி மயங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பொருள் வேறுபாடு எதனையும் தாங்காத ஒலியை விடலாம், தாங்கும் ஒலியை விடலாகாது என்பதே எமது நிலைப்பாடு. ஹகரம் முதல் வகையினது. இம்முன்னொட்டின் ரகரம் இரண்டாம் வகையினது. கிரந்தம் பற்றிய வாதம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதேயில்லை.

மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் இத்தகைய வாதங்களுள் சிக்கியவரல்லர். 1875 இல் வெளியான நூலுக்கு அவர் இட்ட பெயர் 'கெமிஸ்தம்'. கிரந்த ஸகரம் அதில் உண்டு. ஆயினும் 'வைத்தியம்' போல 'அம்' ஈறு பெற்று, வேற்றுமை உருபுகளைத் தடையின்றி ஏற்கிறது. அவர் 1873 இல் தாயகம் திரும்பிய பின் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1978 இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய மருத்துவ பீடமும் ஆங்கிலத்திலேயே கற்பித்தது. பாடசாலையில் 'ஓமோன்' கற்றவர் பீடத்தினுட் சென்றதும் அச்சொல்லைச் சொல்லக் கூசுகிறார். அக்கூச்சம் விடுதியோடு நின்றுவிடுவதில்லை. 'பிறசர்' என்று சொல்லும் நோயாளியைக் கண்டு புன்னகைப்பதும் அதன் தொடர்ச்சியே.

அந்த நோயாளியின் பேச்சை நமது கலைச்சொல்லாக்கம் போதிய அளவு செவிமடுக்கவில்லை என்றே கூற வேண்டும். கிளினிக்கில் தாதியிடம் 'சீனி கூடிப் போச்சு', 'சீனி குறைஞ்சு போச்சு' என்போர் இரு நிலைகளையும் ஐயத்துக்கிடமின்றி வேறுபடுத்திவிடுகின்றனர். ஒலிப்பு இணக்கம் காண முனையும் எந்தக் குழுவும் முதலில் இம்முன்னொட்டுச் சொற்களைத் தனியே எடுத்து, அவற்றை ஒலிபெயர்ப்பதைக் கைவிட்டு, 'மிகை', 'குறை' என்பவற்றால் அமைத்து, தாதியரிடமும் நோயாளரிடமும் சொல்லிப் பார்த்தல் வேண்டும். 'விற்றமின்', 'வைட்டமின்' வழக்கை அதன் பின்னர் தீர்த்துக்கொள்ளலாம்.