யாருடைய பாவம்? சினை விலங்கைக் கொல்லுதல் குறித்து

சில மாதங்களுக்கு முன் ராசிபுரத்தில் நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது ஒருவர் தன் கைப்பிரதியிலிருந்து ஒரு சிறுகதையை வாசித்தார். கடலைக்காட்டில் குருத்தைக் கடித்துத் தீர்க்கிற முசல்களுக்கு ஒருவன் கண்ணி வைக்கிறான். விடியலில் சிக்கிக் கிடப்பது ஒரு பெட்டை முசல். வயிற்றைக் கீறினால் உள்ளே மூன்று குட்டிகள், ரோமம் முளைத்தவை. அவன் கண்ணியை அறுத்துக் கிணற்றில் வீசுகிறான். வீட்டில் அவன் மனைவி மாசமாக இருக்கிறாள் என்பது கதையின் கடைசி வரி. வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. முசல் இருக்கிற இடத்தில் மானை வையுங்கள், கொக்கை வையுங்கள், கதை அப்படியேதான் இருக்கும். கொல்பவன் ஒரு கணம் நடுங்குகிறான். அந்த நடுக்கத்தாலேயே அவன் நாயகனாகிறான். செத்த முசல் அவன் மனசைக் கழுவிக்கொள்ளத் தண்ணீர் மொண்டு தருகிற பாத்திரம், அவ்வளவுதான். மனைவியின் கர்ப்பமும் அதே வேலைக்குத்தான் கதைக்குள் வருகிறது. அவளுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. இன்னொன்று: அவன் அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரனா, கூலிக்குக் கண்ணி வைக்கிறவனா? பிரதி சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதால்தான் எல்லோருக்கும் தொண்டை அடைத்தது என்று நினைக்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் காடு. கடலை பிடுங்கும் பருவத்தில் எலி வெட்ட ஒருவர் வருவார். இப்போது 'ஒருவர்', 'வருவார்' என்று எழுதுகிறேன். அப்போது அவர் வயசுக்குப் பாதி இல்லாத நானும் 'டா' போட்டுத்தான் கூப்பிட்டேன். வளையின் மற்ற வாய்களை மண்ணால் அடைத்துவிட்டு, ஒரு வாயில் ஓட்டைப் பானையை வைத்து வைக்கோல் புகையை ஊதிவிட்டு, மண்வெட்டியால் வெட்டிக்கொண்டே போவார். கூலி வால் கணக்குக்கு. வளைக்குள் எலி சேர்த்து வைத்த கடலை அவருக்கு. அன்றைக்கு ஒரு வளையில் வயிறு பெருத்த எலி ஒன்று, ஓட முடியாமல், மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது.

அப்பத்தா பார்த்துவிட்டு, "பாவம்டா, சினையாட்டிருக்குது. உட்டுரு" என்றது.

"உட்டாப் போவுதுங்க சாமி. அடுத்த மாசம் ஏழெட்டா வந்து உங்க காட்டயேதானுங்க நோண்டும்" என்றார் அவர். அவர் சொன்னது சரி. வயலெலிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 3 வாரம்தான். அப்பத்தா கொஞ்சம் யோசித்தது. "சரி சரி, எங்கண்ணு முன்னால வேண்டாம். அந்தண்டை கொண்டு போயி என்னமோ பண்ணு." சாயங்காலம் கூலி போடும்போது அந்த வாலையும் சேர்த்துத்தான் எண்ணியது.

'குற்றவுணர்வு' என்பது நம் பேச்சில் இல்லாத சொல். ஆங்கிலத்தைப் பார்த்து நாம் எழுத்துக்குச் செய்துகொண்டது. வட்டாரத்தில் பழி உண்டு, சாபம் உண்டு, வயித்தெரிச்சல் உண்டு, எல்லாவற்றுக்கும் மேல் 'பாவம்' உண்டு. தமிழில் இந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 'அது பாவம்' என்றால் இரக்கம். 'அது பாவம்' என்றாலே குற்றமும்தான். அப்பத்தா வாயிலிருந்து வந்தது எது? முதலில் இரக்கமாக வந்து, கணக்கைக் கேட்டதும் குற்றமாக மாறி, கை மாறிவிட்டது. இரக்கம் அப்பத்தாவிடமே இருந்துவிட்டது. குற்றம் மட்டும் மண்வெட்டி பிடித்தவரிடம் போய்ச் சேர்ந்தது. ஜெர்மன் மொழியில் குற்றத்துக்கும் கடனுக்கும் 'ஷூல்ட்' என்று ஒரே சொல் இருப்பதை வைத்து, 1887இல் நீட்ஷே அறத்தின் வம்சாவளியையே எழுதிப் பார்த்தார். கொடுத்தவன், பட்டவன் என்ற உறவிலிருந்துதான் மனச்சாட்சி பிறந்தது என்பது அவர் வாதம். கொங்கு நாட்டில் அதோடு ஒரு விவரம் கூடுதல். இங்கே கடனைக் கூலியோடு சேர்த்து அடுத்தவன் தலையில் இறக்கிவிடலாம். எந்தச் சாதித் தலையில் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கிறது.

'கொன்ன பாவம் தின்னாப் போச்சு' என்பார்கள். இதைச் சாப்பாட்டு ராமர்களின் சமாதானம் என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இது கொல்பவர்களின் அறவியலாகப் படுகிறது. கொன்றதை வீணாக்காதே, உன் உடம்புக்குள் வாங்கிக்கொள், கொன்ற கையும் தின்ற வாயும் ஒரே ஆளுடையதாக இருக்கட்டும் என்கிறது. வள்ளுவர் எதிர்த் திசையில் நிற்கிறார். புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விற்போரும் இருக்கமாட்டார்கள் என்று பழியைத் தின்பவன்மேல் போடுகிறார். அவருக்குத் தின்பது கொலைக்குக் காரணம். பழமொழிக்குத் தின்பது கொலைக்குப் பரிகாரம். ஆனால் இரண்டுக்கும் வெளியே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்: கொல்லவும் இல்லை, தின்னவும் இல்லை, விளைச்சலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனவன். எங்கள் வீட்டுத் திண்ணை அதுதான். எலிக்கறி தின்கிறவர்கள் என்று அவரைக் கேலி வேறு செய்தோம்.

பிறகு மருந்து வந்தது. துத்தநாக பாஸ்பைடை எண்ணெய் பூசிய பொரியில் கலந்து வளை வாயில் வைத்தால் போதும். எலியின் வயிற்று அமிலம் பட்டு அது நச்சு வாயுவாகிறது. சினையா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை, எலியையே பார்க்க வேண்டியதில்லை. தின்னவும் முடியாது. பழமொழி அங்கே செத்தது. ஆஸ்திரேலியாவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1859இல் ஒரு பண்ணையார் வேட்டை விளையாட்டுக்காக இறக்குமதி செய்து விட்ட முயல்கள் கண்டம் முழுக்கப் பெருகின. வேலி போட்டார்கள், வளைகளை உழுது தள்ளினார்கள், கடைசியில் 1950இல் மிக்ஸோமா வைரஸைப் பரப்பினார்கள். குட்டி, சினை, கிழடு என்று வைரஸ் பேதம் பார்க்காது. யார் கொன்றது என்றும் யாரும் கேட்கமுடியாது.

சினையைக் கொல்வதைச் சமூகம் எப்போதும் மறைத்ததில்லை. தென் மாவட்டங்களில் சூலாடு குத்துதல் என்றொரு சடங்கு. சினையாட்டின் வயிற்றைக் கீறிக் குட்டியை எடுத்துச் சாமி முன் வைப்பது. கேட்கவே வயிற்றைப் பிசைகிறது. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அங்கே ஊரே கூடி நின்று பார்க்கிறது. 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகள் சினை விலங்கை அறுக்கக் கூடாது என்கின்றன. நல்ல விதிதான். ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடியில் அறுக்கிறவர் தன் விரலால் ஆட்டின் அடிவயிற்றைத் தடவிப் பார்ப்பதோடு அது முடிந்துவிடுகிறது.

எந்த விலங்கின் சினைக்கு நாம் அழுகிறோம் என்பதிலும் வரிசை உண்டு. 2020 மே மாதக் கடைசியில் பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றுக்குள் நின்றபடியே ஒரு பெண் யானை செத்தது. காட்டுப்பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்திருந்தது. உடற்கூறாய்வில் வயிற்றில் குட்டி இருப்பது தெரிந்தது. நாடே அழுதது. கூடவே, சம்பவம் மலப்புரத்தில் நடந்ததாகச் சொல்லி ஒரு மதத்தாரைக் குற்றக்கூண்டில் நிறுத்தும் வேலையும் நடந்தது. இரக்கம் இவ்வளவு சீக்கிரம் வெறுப்பாக மாறுமா என்று கேட்டால், மாறும். ஒரு 'பாவம்' இன்னொரு 'பாவ'மாக நொடியில் மாறும் என்பதை அப்பத்தாவிடமே பார்த்திருக்கிறேன். சரி, அந்த வெடி யாருக்கு வைக்கப்பட்டதோ அந்தப் பன்றிகள்? அவற்றில் சினைப்பன்றி இல்லையா? அதற்கு யாரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை.

சட்டமும் இந்த வரிசையை எழுதித்தான் வைத்திருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, சுண்டெலி, காக்கை, பழந்தின்னி வௌவால் எல்லாம் ஐந்தாம் அட்டவணையில் தீங்குயிர்கள். முசலைப் பிடித்தால் வழக்கு, எலியைப் பிடித்தால் கூலி. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிக்குக் கிலோமீட்டர் கணக்குப் போட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், அதற்கப்பால் வனத்துறையினர் சுடலாம். கொல்லிமலை அடிவாரத்தில் மரவள்ளி போட்டவரிடம் போய் இது அநியாயம் என்று நான் பேசமாட்டேன். ஒரே இரவில் கிழங்குக் காட்டைப் புரட்டிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். இரவில் டார்ச் வெளிச்சத்தில் மடி தொங்கும் பன்றியைக் குறிபார்க்கப் போகிற வனக்காவலரைப் பற்றித்தான் என் கவலை. விவசாயி கேட்டார், அரசு ஆணையிட்டது, சுட்டது காவலர். அன்றைய ராத்திரித் தூக்கம் யாருக்குப் போகும்?

இங்கே ஒன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பெண்ணையும் விலங்கையும் ஒப்பிட்டதற்காகத்தான் நண்பரின் கதையைக் குறை சொன்னேன். ஆனாலும் சேலத்துக்காரன் இதைச் சொல்லாமல் தாண்டமுடியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது எங்கள் சேலத்தில்தான். அதற்கு ஏன் தேவை வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கள்ளிப்பாலைப் புகட்டிய கை பாட்டியுடையது, தாயுடையது. வழக்கு என்று வந்தபோது நின்றதும் அந்தக் கைகள்தான். வரதட்சணையும் நிலப் பங்கும் பேசிய ஆண்கள் திண்ணையில் இருந்தார்கள். பிறகு ஸ்கேன் வந்தது, 1994இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. கருவிலேயே முடிந்ததால் கள்ளிப்பால் தேவைப்படவில்லை, கை தேவைப்படவில்லை. சினை எலியும் பெண்சிசுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. குற்றத்தைக் கைக்குக் கொடுத்துவிட்டு லாபத்தை மடியில் கட்டிக்கொள்கிற ஏற்பாடு ஒன்றே என்கிறேன்.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி' (2016) ஏன் எனக்கு முக்கியமாகப் படுகிறது என்றால், அது கொல்பவனின் மனசுக்குள் போய் உட்காரவில்லை. ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடுகிறது அந்த வெள்ளாடு. ஏழு என்பது அதிசயம், ஏழு என்பது பஞ்சத்தில் தீனி போடமுடியாத சுமை, ஏழு என்பது அரசாங்கத்திடம் பதிந்து காதில் அடையாளம் குத்தவேண்டிய கணக்கு. சினை அங்கே புனிதமல்ல, பொருளாதாரம். கிழவனும் கிழவியும் கெட்டவர்களுமல்ல. யாரும் கண்ணியை அறுத்துக் கிணற்றில் வீசுவதில்லை. வீசினால் அடுத்த வேளைக் கஞ்சி இல்லை. கதையில் எனக்கும் புகார்கள் உண்டு. சாதியை அசுரர்கள் என்ற திரைக்குப் பின்னால் வைத்துவிட்டதால், ஆடு மேய்க்கிற கைகளின் சாதி, 'கூளமாதாரி'யில் தெரிந்த அளவுக்கு இதில் தெரியவில்லை.

போன தை மாசம் எலி வெட்ட வந்தவரைச் சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முழங்கால் போய்விட்டது. மகன் லாரியில் கிளீனர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தச் சினை எலி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். என் மனசில் இருந்த கதைக்கு அவரிடமிருந்து ஒரு கண்ணீரை எதிர்பார்த்தேன் போல.

"எந்த எலிங்க? எத்தனையோ எலி" என்றார். கொஞ்சம் கழித்து, "உங்கப்பத்தா அன்னிக்கு ரெண்டு ரூவா கொறச்சுக் குடுத்தாங்க. அது ஞாபகமிருக்குதுங்க."

ராசிபுரத்து நண்பர் கதையைத் திருத்தி எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணி வைத்தவனுக்கு யார் கூலி கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று இரண்டு வரியாவது சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.