உரிமம் யார் கையில்?

ஆசிரியர்களே, தேர்வு எழுதப்போகும் மாணவர்களே,

'பத்திரிகைச் சுதந்திரம்' என்று தலைப்பு வந்தால் நம் கட்டுரைகள் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. சுதந்திரம் வேண்டும், பொறுப்பும் வேண்டும் என்று எழுதி முடித்துவிடுகிறோம். தப்பில்லைங்க, ஆனால் அதில் வாதமே இல்லை. பொறுப்பை அளப்பது யார் என்ற கேள்வியை அது தொடுவதில்லை.

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு பேச்சுரிமை தருகிறது. அதற்குச் சட்டத்தால் வரம்பு விதிக்க நாடாளுமன்றத்துக்கும் இடம் தருகிறது. அப்படிப்பட்ட வரம்புகளில் ஒன்று, 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். இதன் வேர் 1948இல் ஆங்கிலேயர் காலத்தில் வந்த அச்சகச் சட்டம். ஆங்கிலேயர் போனார்கள்; உரிம முறை போகவில்லை.

1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையின்போது தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் ஆகிய இதழ்களின் உரிமம் பறிபோனது. ஸ்டார் 1988 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. 1987இல் வந்த திருத்தமோ, அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் கேட்கவே முடியாதபடி செய்தது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1969 மே 13 கலவரத்தைக் கண்ட பல்லின நாடு இது. இனப்பகையைக் கிளறும் எழுத்தைப் பற்றிய அச்சம் பொய்யல்ல. ஆனால், கெட்ட எண்ணத்தோடு பொய்ச் செய்தி வெளியிட்டால் 3 ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம் என்று இதே சட்டத்தில் இருக்கிறதே! அங்கே நீதிபதி இரு தரப்பையும் கேட்பார். உரிமத்தைப் பறித்தால் எழுதியவரோடு அச்சுத் தொழிலாளியும் வாசகரும் சேர்ந்தே தண்டனை அனுபவிக்கிறார்கள்.

2012 திருத்தம் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் முறையை நீக்கியது; நீதிமன்றக் கதவையும் திறந்தது. பலன் 2015இல் தெரிந்தது: தி எட்ஜ் இதழ்களுக்கு விதித்த 3 மாதத் தடையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் அமைச்சரிடமே இருந்தது. அப்படியிருக்க, ஆசிரியர் மேசையில் பேனா தானாகவே தயங்கும். வெளிவராத செய்திக்குக் கணக்கு ஏது?

அடுத்த முறை வாதக் கட்டுரை எழுதும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: முடிவெடுப்பது யார்? தண்டிக்கப்படுவது எழுதிய குற்றமா, இதழின் உயிரா? முறையிட இடம் உண்டா? 'இரண்டும் வேண்டும்' என்பதை அதற்குப் பிறகு எழுதலாம். அப்போது அதற்குப் பொருள் இருக்கும்.