குறுந்தொகை 361: காந்தளின் கிழங்கும் தலைவியின் ஆற்றுதலும்

சங்க அகப்பாடல்களில் வரும் காந்தளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதன் பூவோடு நின்றுவிடுகின்றன. மகளிர் விரலுக்கும், எரியும் தீக்கும், பாம்பின் படத்துக்கும் அது உவமையாகும் இடங்களைத் தொகுத்துக் காட்டுவதே அவற்றின் போக்கு. குறுந்தொகையின் முதற்பாடலில் கையுறை மறுக்கும் தோழி சுட்டுவதும் காந்தளின் செந்நிறப் பூங்குலையையே ஆதலின், இப்போக்கை முற்றிலும் பிழை என்றல் இயலாது. ஆயின் கபிலரின் 361ஆம் பாடல் இவ்வளவில் அடங்குவதன்று. காந்தளின் பூ அங்குப் பேசப்படவேயில்லை.

தலைவன் மலையில் மாலையில் பெய்த மழையால் பெருகிய நீர், காலையில் ஒரு காந்தட்செடியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தலைவி அதனை இலை குழையுமாறு தழுவுகிறாள். பின் இல்லத்திற்குக் கொண்டுபோய் நடுகிறாள். தாய் இவற்றைத் தடுக்கவில்லை. அதற்குக் கைம்மாறாக மேலுலகமும் சிறிது என்கிறாள் தலைவி.

வந்தது கொய்த மலராயின் நடுதலுக்கு இடமில்லை. செடி முதலோடு, அதாவது அடியோடு, வந்தது என்று கபிலர் கூறுவதன் தேவை இங்கேதான் விளங்குகிறது. காந்தள் பல்லாண்டு வாழும் கொடி. மழைக்காலத்தில் தளிர்த்து, இலைநுனியையே பற்றுக்கம்பியாக்கிப் புதரில் ஏறிப் பூக்கும். பின்னர்த் தண்டும் இலையும் பட்டுப்போகும். கலப்பை வடிவக் கிழங்கு மட்டும் மண்ணுள் உறங்கி, அடுத்த மழையில் மீண்டும் தளிர்விடும். ஆகவே இலை குழைந்தமை இழப்பு ஆகாது. குழைந்தது ஓராண்டின் இலை, நடப்பட்டது கிழங்கு.

தழுவுதலைக் காதல் மிகுதியாகவும், நடுதலை அதன் தொடர்ச்சியாகவும் மட்டும் கொள்ளும் உரை இவ்வேறுபாட்டைத் தவறவிடுகிறது. தழுவுதல் அந்நேரத்து வேட்கை. நடுதலோ காத்திருத்தலை ஏற்றுக்கொண்ட செயல். வரைவு உறுதிப்பட்டபின், நன்கு ஆற்றினாய் என்ற தோழிக்குத் தலைவி கூறியது என்னும் பழைய கூற்றுக் குறிப்பும் இதற்கு அரண் செய்கிறது. எப்படி ஆற்றினாள் என்பதற்கு அவள் தரும் விடை, வீட்டில் வளர்ந்த அச்செடி.

காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சுடையது. கோல்சிசின் என்னும் வேதிப்பொருள் அதில் உள்ளது. இதைக்கொண்டு காதலின் கேட்டைக் குறியீடாகக் காண முயல்வது மிகை. பாடலில் அதற்குச் சான்றில்லை.

தாய் அறிந்தே பொறுத்தாளா, அறியாமல் விட்டாளா என்பதைக் கபிலர் சொல்லவில்லை. தடுக்கவில்லை என்பது மட்டுமே உள்ளது. தலைவியின் நன்றிக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.